9 கிராம் நீலம்

பைக்குக்கு டைட்டானியம் பாகம் மாட்டுவது ஒரு மோகமாகிவிட்டது. எங்கே மாட்டினால் வேலை செய்யும், எங்கே மாட்டினால் அது வெறும் நகை?

சமையலறை மேடையில் ஒரு நகைத் தராசு. இரண்டு தசமம் வரை காட்டும், உள்ளங்கை அளவு எலெக்ட்ரானிக் தராசு. அதன் மேல் பாதி தண்ணீர் ஊற்றிய கண்ணாடி டம்ளர். டம்ளரோடு சேர்த்து எண்ணைப் பூஜ்யமாக்கிவிட்டு, தையல் நூலில் கட்டிய ஒரு போல்ட்டை மெல்லத் தண்ணீருக்குள் இறக்குகிறேன். அடியில் தட்டக்கூடாது, பக்கத்தில் உரசக்கூடாது. முழுசாக மூழ்கி அந்தரத்தில் நிற்க வேண்டும். நின்றது. தராசு 2.03 என்கிறது.

போல்ட்டின் எடையை முன்னாலேயே பார்த்து வைத்திருந்தேன்: 9 கிராம். அதை 2.03-ஆல் வகுத்தால் 4.43. எனக்கு வேண்டியிருந்த எண் அதுதான். விமானத்துக்கும் ராக்கெட்டுக்கும் பந்தய பைக்குக்கும் பொதுவான டைட்டானியக் கலவையின் அடர்த்தி ஏறக்குறைய இவ்வளவு. தண்ணீரில் தொங்கும் பொருள், தான் விலக்கும் தண்ணீரின் எடையைத் தராசின் மேல் ஏற்றும். எட்டாம் வகுப்பில் ஆர்க்கிமிடீஸ் குளியல் தொட்டியிலிருந்து ஓடியதாகப் படித்த அதே சங்கதி.

அடுத்து இன்னொரு பாக்கெட்டிலிருந்து இன்னொரு போல்ட். அதே அளவு, அதே மயில்கழுத்து நீலம். எடை 16 கிராம். தண்ணீரில் 2.03. வகுத்தால் 7.88. அதாவது ஸ்டீல். டைட்டானியம் விலை கொடுத்து, நீலம் பூசிய ஸ்டீல் போல்ட் 4 வாங்கியிருக்கிறேன். எந்தக் கடை என்பது இங்கே வேண்டாம். ஆன்லைனில் படத்தைப் பார்த்து வாங்கியவன் நான், ஏமாந்ததில் பாதி என் பங்கு.

ஞாயிற்றுக்கிழமை விடிகாலை சென்னையின் கிழக்குக் கடற்கரைச் சாலையான ஈ.சி.ஆர். பக்கம் போனால் இந்த மோகத்தை நேரில் பார்க்கலாம். காபிக் கடை வாசலில் வரிசையாக நிற்கும் பைக்குகளைக் கொஞ்சம் குனிந்து பாருங்கள். பிரேக் டிஸ்க், செயின் ஸ்ப்ராக்கெட், எஞ்சின் கவர், டேங்க் மூடி என்று போல்ட் தலைகள் நீலமும் ஊதாவும் பொன்னிறமுமாக மின்னும். பத்து இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் ஸ்டீல் போல்ட்டின் இடத்தில் சில நூறு ரூபாய் போல்ட். ஏன் என்று கேட்டால் பாதிப் பேர் "வெயிட் குறையும்" என்பார்கள், மீதிப் பேர் "செம லுக்" என்பார்கள். இரண்டாவது கட்சி உண்மையைச் சொல்கிறது. முதல் கட்சியோடுதான் எனக்குக் கொஞ்சம் வழக்கு.

எடை, பலம், விறைப்பு

பைக் உலகில் "கிரேடு 5" என்று சொல்லப்படுவது 6 சதவீதம் அலுமினியமும் 4 சதவீதம் வனேடியமும் சேர்த்த டைட்டானியம். 1950-களில் அமெரிக்காவில் விமானத் தொழிலுக்காக உருவான கலவை. எடையில் ஸ்டீலைவிட 40 சதவீதத்துக்கு மேல் குறைவு. பலத்தில் நல்ல ஸ்டீல் போல்ட்டுக்கு ஈடு. துரு என்ற பேச்சே கிடையாது.

"ஈடு" என்பதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். ஸ்டீல் போல்ட்டின் தலையில் 8.8, 10.9, 12.9 என்று எண் பொறித்திருப்பார்கள். முதல் எண்ணை நூறால் பெருக்கினால், அந்த போல்ட் அறுந்துபோகும் அளவு மெகாபாஸ்கலில் கிடைக்கும்: 800, 1,000, 1,200. கிரேடு 5 டைட்டானியம் சாதாரண நிலையில் 900-க்குக் கொஞ்சம் மேலே. ஆகவே 8.8 போட்டிருந்த இடத்தில் அதைத் தாராளமாகப் போடலாம். 10.9-ன் இடத்தில் யோசிக்க வேண்டும். 12.9-ன் இடத்தில் போட்டால், காசு கொடுத்து பலத்தைக் குறைத்துக்கொண்டதாக அர்த்தம்.

பலம் வேறு, விறைப்பு வேறு. கடைக்காரர்கள் பலத்தைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். ஒரே இழுப்புக்கு ஸ்டீல் 1 மில்லிமீட்டர் நீளும் இடத்தில் டைட்டானியம் கிட்டத்தட்ட 2 மில்லிமீட்டர் நீளும். அறுந்துவிடாது, விட்டால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். ஆனால் வளையும். ஆஸ்பத்திரியில் இதுவே வரம். எலும்பு ஸ்டீலைவிடப் பல மடங்கு நெகிழ்வானது. முறிந்த காலுக்குள் விறைப்பான ஸ்டீல் ராடை வைத்தால் பாரத்தையெல்லாம் ராடே சுமந்துகொள்ளும், வேலையில்லாத எலும்பு மெலிந்துபோகும். டைட்டானியம் கொஞ்சம் விட்டுக்கொடுப்பதால் எலும்புக்கும் பங்கு போகிறது. "கால்ல ராடு வெச்சிருக்காங்க" என்று நம் ஊரில் சொல்வதில் பலவும் இந்தக் கலவைதான். தமிழ்நாட்டு பைக்காரர்களிடம் இருக்கும் டைட்டானியத்தில் பெரும்பகுதி பைக்கில் இல்லை, காலுக்குள் இருக்கிறது என்று ஒரு எலும்பு டாக்டர் சொன்னால் நான் மறுக்கமாட்டேன்.

காலுக்கு வரமான அந்த நெகிழ்ச்சி பைக்கின் ஆக்சிலுக்குச் சாபம். அதற்குப் பிறகு வருகிறேன்.

நிறத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்த நீலம் சாயம் இல்லை. டைட்டானியத்தின் மேல் இயல்பாகவே ஆக்சைடு படலம் உண்டு. மின்சாரம் பாய்ச்சி அதைத் தடிமனாக்கினால், படலத்தின் மேலும் கீழும் பட்டுத் திரும்பும் ஒளி ஒன்றோடொன்று கலந்து நிறம் காட்டும். தண்ணீரில் சிந்திய எண்ணெயில் வானவில் தெரிகிறதே, அந்தக் கணக்கு. வோல்ட் ஏற ஏற நிறம் மாறும். மூன்று 9 வோல்ட் பேட்டரிகளை வரிசையாகக் கோத்து, சோடா உப்புக் கரைசலில் முக்கினால் வீட்டிலேயே நீலம் வந்துவிடும். ஐம்பது அறுபது வோல்ட்டில் பொன்னிறம், நூறை நெருங்கினால் பச்சை. பலத்துக்கும் நிறத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலைச் சூடு காட்டினாலும் நீலமாகும் என்பதை நான் காசு கொடுத்துத் தெரிந்துகொண்டேன்.

ஒரு கிராம், ஆறரை கிலோ

டைட்டானியத்துக்கு உண்மையான வீடு எஞ்சினுக்குள்தான். கண்ணுக்குத் தெரியாத இடம். யாரும் குனிந்து பார்த்து "செம லுக்" என்று சொல்லப்போவதில்லை.

ஒரு லிட்டர் சூப்பர் பைக்கின் எஞ்சின் நிமிடத்துக்கு 14,000 சுற்று சுற்றும்போது ஒவ்வொரு பிஸ்டனும் விநாடிக்கு 233 முறை மேலே போய்க் கீழே வருகிறது. மேலே ஒரு தடவை, கீழே ஒரு தடவை முழுசாக நின்று திரும்ப வேண்டும். பிஸ்டனின் ஸ்ட்ரோக் 48.5 மில்லிமீட்டர் என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். உச்சியில் நின்று திரும்பும் அந்தக் கணத்தில் பிஸ்டனின் முடுக்கம் புவியீர்ப்பைப்போல ஏறத்தாழ 6,500 மடங்கு. அதாவது பிஸ்டனிலும், அதைப் பிடித்திருக்கும் கனெக்டிங் ராடின் மேல்முனையிலும் இருக்கும் ஒவ்வொரு கிராமும் அந்த நொடியில் ஆறரை கிலோவாக இழுக்கிறது. அங்கே 50 கிராமைக் குறைத்தால், 300 கிலோவுக்கு மேல் இழுவை குறைகிறது. பேரிங் பிழைக்கிறது, கிராங்க் பிழைக்கிறது, எஞ்சின் இன்னும் சில நூறு ஆர்பிஎம் பயமில்லாமல் ஏறுகிறது.

எஞ்சின் கவரில் இருக்கும் போல்ட்டில் ஒரு கிராம் குறைத்தால் குறைவது ஒரு கிராம்.

இந்த வித்தியாசம் ஹோண்டாவுக்கு 1980-களிலேயே தெரியும். 1987-ல் ஜப்பானில் வெளியான விஎஃப்ஆர்750ஆர், ரசிகர்கள் ஆர்சி30 என்று அழைக்கும் பைக், உலக சூப்பர்பைக் போட்டிக்கென்றே பிறந்தது. ரோட்டில் ஓட்டவும் விற்ற அந்த வண்டியின் கனெக்டிங் ராடுகள் டைட்டானியம். அடுத்து 1992-ன் என்ஆர்750, நீள்வட்டப் பிஸ்டனும் சிலிண்டருக்கு 8 வால்வும் கொண்ட அந்த விசித்திரப் பிறவி. அதிலும் டைட்டானிய ராடுதான். 2015-ல் யமஹா ஆர்1-ல் இன்னொரு வித்தை வந்தது. ராடின் பெரிய முனை கிராங்கைச் சுற்றி இரண்டு துண்டாகப் பிரிந்து சேர வேண்டும். வழக்கமாக அறுத்து, தேய்த்து, பின் வைத்துப் பொருத்துவார்கள். யமஹா முழு வளையமாகச் செய்து, அதை உடைத்தார்கள். தேங்காயை உடைத்தால் அந்த இரண்டு மூடியும் ஒன்றோடொன்று மட்டும்தானே பொருந்தும்? அதுபோல் உடைந்த முகங்கள் மயிரிழை பிசகாமல் சேர்ந்துகொள்ளும். ஸ்டீலில் இது பழைய முறை. எளிதில் உடையாத டைட்டானியத்தில், அதுவும் மொத்த உற்பத்தியில் செய்தது சாமானிய வேலை இல்லை. 2020-ல் ஹோண்டா தன் ஃபயர்பிளேடு ஆர்ஆர்-ஆர் பைக்குக்குத் தானே உருவாக்கிய டைட்டானியக் கலவையில் ராடு செய்து, குரோம்-மாலி ஸ்டீல் ராடைவிட எடை பாதி என்றது.

இதையெல்லாம் படித்துவிட்டு நம் 350 சிசி வண்டிக்கு டைட்டானிய ராடு தேட வேண்டாம். ஆறாயிரம் ஆர்பிஎம் சுற்றுவதற்குள் மூச்சு வாங்கும் எஞ்சினில் ஒவ்வொரு கிராமின் இழுவையும் இதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான். அதற்கு ஸ்டீல் போதும், காலத்துக்கும் உழைக்கும்.

வால்வைத் தேய்க்காதே

வால்வும் ராடு போலத்தான். மேலும் கீழும் குதிக்கும் பாகம், எடை குறைந்தால் லாபம். கனமான வால்வு அதிக ஆர்பிஎம்மில் கேமைப் பின்தொடர முடியாமல் மிதக்கும், மிதந்தால் பிஸ்டன் வந்து முட்டும். 2002-ல் வந்த ஹோண்டாவின் மோட்டோகிராஸ் பைக் சிஆர்எஃப்450ஆர்-ல் இன்டேக் வால்வுகள் டைட்டானியம். இன்று மோட்டோகிராஸ் உலகில் இது சர்வசாதாரணம்.

ஆனால் டைட்டானியம் உரசலைத் தாங்காத உலோகம். வெறும் டைட்டானியம் வால்வு சீட்டில் தட்டிக்கொண்டே இருந்தால் சீக்கிரம் தேய்ந்துவிடும். அதனால் அதன் மேல் கண்ணுக்குத் தெரியாத அளவு மெல்லிய, கடினமான கோட்டிங் ஏற்றுவார்கள். வால்வின் உயிர் அந்தக் கோட்டிங்கில் இருக்கிறது. ஏர் ஃபில்டரைச் சுத்தம் செய்யாமல் புழுதியில் ஓட்டினால், உள்ளே போகும் தூசு அந்தக் கோட்டிங்கை உப்புத்தாள்போலத் தேய்த்துவிடும். பிறகு வால்வு சீட்டுக்குள் இறங்கும், டேப்பட் இடைவெளி குறுகிக்கொண்டே போகும். ஒருநாள் இடைவெளியே இருக்காது. வண்டி காலையில் ஸ்டார்ட் ஆகாது.

கோயம்புத்தூரில் நண்பர் ஒருவர் பழைய 450 மோட்டோகிராஸ் வண்டி ஒன்றை வாங்கினார். ஸ்டார்ட்டிங் தகராறு. ஒரு ஷெட்டில் விட்டார். அங்கே நல்ல மனசோடு, காலங்காலமாகச் செய்வதைச் செய்தார்கள்: ஹெட்டைக் கழற்றி, வால்வுக்குக் கிரைண்டிங் பேஸ்ட் தடவி, ரப்பர் குச்சியை உள்ளங்கைகளுக்கு நடுவே உருட்டி உருட்டிச் சீட்டில் தேய்த்தார்கள். ஸ்டீல் வால்வுக்கு அது அருமையான வைத்தியம். இங்கே அது மிச்சமிருந்த கோட்டிங்கையும் வழித்து எடுத்துவிட்டது. சில மணி நேர ஓட்டத்திலேயே டேப்பட் மறுபடி டைட். கடைசியில் அவர் என்ன செய்தார் தெரியுமா? டைட்டானியம் வால்வுகளைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் வால்வுகளும் அவற்றின் கூடுதல் எடையைத் தாங்கும் விறைப்பான ஸ்ப்ரிங்குகளும் மாட்டினார். உச்ச ஆர்பிஎம்மில் கொஞ்சம் போனது. தூக்கம் திரும்பி வந்தது.

வெளிநாடுகளிலும் பந்தயத்துக்குப் போகாத டிரெயில் ஓட்டிகள் பலர் செய்வது இதைத்தான். மாற்றுப் பாகம் என்றால் ஸ்டீலை எடுத்துவிட்டு டைட்டானியம் போடுவது என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு, எதிர்த்திசையிலும் ஒரு சந்தை உண்டு என்பது அன்றுதான் உறைத்தது.

ஜெஃப் ஸ்மித்தின் ஃப்ரேம்

ஆக்சில் விஷயத்துக்கு வருகிறேன் என்றேன். அதற்கு இங்கிலாந்தின் பர்மிங்ஹாமுக்கு, 1966-க்குப் போக வேண்டும்.

பி.எஸ்.ஏ. கம்பெனியின் ஜெஃப் ஸ்மித் 1964, 1965 இரண்டு வருடமும் 500 சிசி மோட்டோகிராஸில் உலக சாம்பியன். எதிரிகள் லேசான டூ-ஸ்ட்ரோக் பைக்குகளோடு நெருங்கிக்கொண்டிருந்தார்கள். ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினைக் கைவிட மனமில்லாத பி.எஸ்.ஏ., எடையைக் குறைக்க ஃப்ரேமையே டைட்டானியத்தில் செய்தது. காகிதத்தில் அற்புதம். சேற்றுப் பாதையில் அந்த ஃப்ரேம் வளைந்து கொடுத்தது, பிறகு விரிசல் விட்டது. ஸ்டீல் ஃப்ரேம் விரிசல் விட்டால் மைதானத்து ஓரத்திலேயே வெல்டு வைத்து அடுத்த ஓட்டத்துக்கு விட்டுவிடலாம். டைட்டானியத்தை அப்படி வெல்டு வைக்க முடியாது. சூடேறிய டைட்டானியம் காற்றிலிருக்கும் ஆக்சிஜனையும் நைட்ரஜனையும் உறிஞ்சி, முறுக்குபோல நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். முன்புறமும் பின்புறமும் ஆர்கான் வாயு சூழ்ந்திருந்தால்தான் வெல்டு பிடிக்கும். அந்த வருட சாம்பியன் பட்டம் செக்கோஸ்லோவாக்கிய சி.இசட். டூ-ஸ்ட்ரோக் ஓட்டிய கிழக்கு ஜெர்மனியின் பால் ஃப்ரீட்ரிக்ஸுக்குப் போனது. அடுத்த இரண்டு வருடமும் அவருக்கே.

ஃப்ரேமுக்கு வேண்டியது விறைப்பு. ஸ்டீல் குழாயின் அதே அளவில் டைட்டானியக் குழாய் போட்டால் எடையில் லாபம் கிடைக்கும், விறைப்பில் பாதி போய்விடும். விறைப்பைத் திரும்பக் கொண்டுவர வேண்டுமானால் குழாயைப் பெரிதாக்கி மொத்த வடிவத்தையே மாற்ற வேண்டும். ஆக்சிலுக்கும் இதே கதை. ஏற்கெனவே துளை போட்டு வைத்திருக்கும் சக்கரத்துக்கும் ஃபோர்க்குக்கும் நடுவே அதே பருமனில் டைட்டானிய ஆக்சிலைச் செருகினால், பிரேக் அடிக்கும்போது இரண்டு ஃபோர்க் கால்களையும் சேர்த்துப் பிடிக்கும் பாலம் தளர்ந்துவிடுகிறது. மிச்சமாவது ஒரு கைப்பிடி கிராம்.

சர்வதேச மோட்டார் சைக்கிள் சம்மேளனமான எஃப்.ஐ.எம்.-ன் மோட்டோகிராஸ் விதிகள் இதைக் கறாராகச் சொல்கின்றன. ஃப்ரேம், முன் ஃபோர்க், ஹேண்டில்பார், ஸ்விங் ஆர்ம், அதன் ஆக்சில், சக்கர ஆக்சில் ஆகியவற்றில் டைட்டானியம் கூடாது. சந்தேகம் வந்தால் மைதானத்திலேயே சோதனை. காந்தம் வைத்துப் பார்ப்பார்கள், டைட்டானியத்தில் ஒட்டாது. 3 சதவீத நைட்ரிக் அமிலத்தில் ஒரு சொட்டு விடுவார்கள், ஸ்டீலில் கறுப்புப் புள்ளி விழும், டைட்டானியம் அசையாது. பிறகு எடை போட்டு, அளவுக் கோடு போட்ட கண்ணாடிப் பாத்திரத்தில் தண்ணீரில் முக்கி, அடர்த்தி பார்ப்பார்கள். சமையலறையில் நான் செய்ததைத்தான் உலக சாம்பியன் போட்டி நடுவர்களும் செய்கிறார்கள் என்று தெரிந்தபோது கொஞ்சம் பெருமையாகவே இருந்தது. பந்தயத்தில் தடை செய்த அதே ஆக்சிலை, ஆன்லைனில் "ரேஸ் ஸ்பெக்" என்று போட்டு விற்கிறார்கள்.

பாய் கடை

புதுப்பேட்டைக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் என் மெக்கானிக் இருக்கிறார். எல்லோருக்கும் அவர் பாய். முப்பது வருடமாக டார்க் ரெஞ்ச் இல்லாமல் போல்ட் டைட் செய்கிறவர். "கைக்குத் தெரியும் தம்பி" என்பார். உண்மையிலேயே தெரியும், ஸ்டீல் போல்ட்டாக இருக்கும் வரை.

இரண்டு வருடத்துக்கு முன் என் பைக்கின் கிளட்ச் கவர் போல்ட்டுகளை டைட்டானியத்துக்கு மாற்றினேன். நானே, வீட்டு வாசலில், அவசரமாக. போல்ட்டில் எதுவும் தடவவில்லை. ஒரு போல்ட் டைட் ஆகும்போது கீச்சென்று சத்தம் போட்டது. இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒரு வருடம் கழித்து கிளட்ச் பிளேட் மாற்ற பாய் அதைக் கழற்றியபோது, போல்ட்டோடு சேர்ந்து எஞ்சினின் அலுமினியத் திரெட் சுருள்சுருளாக, பால்பாயிண்ட் பேனா ஸ்ப்ரிங்போல வெளியே வந்தது. பாய் அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

டைட்டானியத்தின் கெட்ட பழக்கம் இது. உரசும்போது எதிராளி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும், ஒட்டிய இடத்தைக் கிழித்துக்கொண்டு நகரும். தடவாமல் போட்டால் சீஸ் ஆகும். செம்பு கிரீஸோ மாலிப்டினம் கலந்த ஆன்டி-சீஸ் பசையோ திரெட்டில் தடவியே ஆக வேண்டும். தடவினால் இன்னொரு சிக்கல். உரசல் குறைந்துவிடுவதால் அதே டார்க்குக்கு போல்ட் இன்னும் அதிகமாக இழுபடும். கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் டார்க் எண் காய்ந்த ஸ்டீல் போல்ட்டுக்கானது. போல்ட் விற்பவர் தரும் எண்ணைப் பார்த்து, டார்க் ரெஞ்சில்தான் போட வேண்டும்.

கை ஏன் ஏமாறுகிறது என்று பாயே ஒருமுறை செய்து பார்த்தார். ஒரே வைஸில் ஒரு ஸ்டீல் போல்ட்டும் ஒரு டைட்டானியம் போல்ட்டும். ஸ்டீல் போல்ட் ஓர் இடத்தில் "நின்னுடும்". ஸ்பேனர் வழியாக அது கைக்கு வந்து சேரும். டைட்டானியம் முறுக்க முறுக்கக் கொஞ்சம் கொடுத்துக்கொண்டே போகிறது. "இன்னும் டைட் ஆவலன்னு தோணுது. ஆனா ஆயிருச்சு. கையி பொய் சொல்லுது தம்பி." பாதி விறைப்பு என்றால் என்ன என்பதை எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இத்தனை சுருக்கமாகச் சொன்னதில்லை.

போன திரெட்டுக்கு 6.3 மில்லிமீட்டர் டிரில் விட்டு, டேப் அடித்து, ஹெலிகாயில் ஏற்றினார். மற்ற ஓட்டைகள் தப்பித்தன. அன்றைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் கவர் போல்ட் ஸ்டீலில் சுமார் 7 கிராம், டைட்டானியத்தில் 4. முப்பது போல்ட் மாற்றினால் மிச்சம் 90 கிராம். பாய் கடைக்கு எதிரே தரும் ஒரு கிளாஸ் டீ அவ்வளவு இருக்கும். 195 கிலோ கிளாசிக் 350-ல் ஏறி உட்காரும் முன் ஒரு டீயைத் தவிர்த்தால் போதும். பெட்ரோல் ஒரு லிட்டர் குறைவாக அடித்தால் முக்கால் கிலோவே மிச்சம்.

கடற்கரை ஊர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கையும் உண்டு. உப்புக் காற்றில் டைட்டானியமும் அலுமினியமும் தொட்டுக்கொண்டிருந்தால், டைட்டானியத்துக்கு ஒன்றும் ஆகாது. அரிப்பு முழுவதையும் அலுமினியம் வாங்கிக்கொள்ளும். பளபளக்கும் போல்ட்டைச் சுற்றி வெள்ளைப் பொடி பூத்தால் அது எஞ்சின் கவர் கரைவது. அங்கேயும் அந்த கிரீஸ்தான் காவல்.

சைலன்சர், சட்டம்

போல்ட்டை விட்டால் ரோட்டு வண்டியில் டைட்டானியத்துக்கு நியாயமான இடம் சைலன்சர். வெப்பம் தாங்க வேண்டும், துருப்பிடிக்கக் கூடாது, சும்மா தொங்கிக்கொண்டிருக்கும் கனம் குறைய வேண்டும். மூன்றும் டைட்டானியத்தின் குணம். பெரிய வண்டிகளில் கிலோ கணக்கில் குறையும். ஸ்லோவேனியாவில் முன்னாள் பந்தய வீரர் இகோர் அக்ரபோவிச் தொடங்கிய பட்டறை இந்த ஒரு பொருளால் உலகப் பெயராகிவிட்டது. டைட்டானியத்தை வார்க்கச் சொந்தமாக ஃபவுண்டரியே வைத்திருக்கிறார்கள்.

சைலன்சர் வாங்கும்போது வெல்டைப் பாருங்கள். பெண்ட் பைப் சூட்டில் நீலமாவது ஓட்டத்தின் அழகு. ஆனால் புதுச் சைலன்சரின் வெல்டு வெள்ளி நிறத்தில் இருக்க வேண்டும், இளம் வைக்கோல் நிறம் பரவாயில்லை. வெல்டு நீலமாக இருந்தால் ஆர்கான் போதவில்லை, காற்று புகுந்திருக்கிறது. சாம்பல் வெள்ளையாகப் பொடி தட்டியிருந்தால் தொடவே வேண்டாம். ரசிகன் தேடும் நிறமும் வெல்டர் பயப்படும் நிறமும் ஒன்றாக இருப்பது இந்த உலோகத்தின் விசித்திரம்.

கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் இல்லாத, சத்தம் கூடிய சைலன்சரை ரோட்டில் ஓட்டுவது சட்ட விரோதம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, கம்பெனி கொடுத்த அடிப்படை விவரங்களை மாற்றும் வேலைகளைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது. அதே வருடத் திருத்தத்துக்குப் பிறகு, சத்தம், புகை விதிகளை மீறினால் 10,000 ரூபாய் வரை அபராதம், மூன்று மாதம் வரை சிறை, லைசென்ஸும் மூன்று மாதம் போகலாம்.

மணவாளக்குறிச்சியின் கறுப்பு மணல்

விலைக்கு வருவோம். பூமியில் டைட்டானியத்துக்குப் பஞ்சமே இல்லை. கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் காலடியில் கிடக்கும் கருமணலில் இல்மனைட் இருக்கிறது. இரும்பும் டைட்டானியமும் ஆக்சிஜனும் சேர்ந்த கனிமம். மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். அங்கே பல ஆண்டுகளாகப் பிரித்தெடுக்கிறது. தாது மணல் என்ற சொல்லே தென்மாவட்டங்களில் வழக்கு, கடலோர மக்களின் கோபம், 2013-ல் தனியார் தாது மணல் குவாரிகளுக்கு மாநில அரசு போட்ட தடை என்று தனிக்கதை. அந்தக் கதைக்கு இன்னொரு கட்டுரை வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், உலகில் தோண்டும் டைட்டானியத் தாதுவில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் உலோகமாகவே ஆவதில்லை. வெள்ளைப் பொடியாகி, சுவர் பெயிண்டுக்கும் பிளாஸ்டிக்குக்கும் பற்பசைக்கும் போகிறது. பைக் போல்ட்டின் சொந்தக்காரர்கள் நம் வீட்டுச் சுவரில் இருக்கிறார்கள்.

உலோகமாக்குவதுதான் பாடு. லக்சம்பர்க்கைச் சேர்ந்த வில்லியம் க்ரோல் 1930-களில் கண்டுபிடித்து 1940-ல் அமெரிக்கக் காப்புரிமை பெற்ற வழியைத்தான் இன்றும் பின்பற்றுகிறார்கள். தாதுவைக் குளோரினோடு வினைபுரிய வைத்து, புகையும் திரவமாக்கி, வடித்து, காற்றுப் புகாத இரும்புக் கலத்தில் ஆர்கானுக்கு நடுவே உருகிய மக்னீசியத்தோடு சேர்ப்பார்கள். வேலை நாள் கணக்கில் நடக்கும். கடைசியில் கலத்தின் ஓரத்தில் ஒட்டியிருப்பது கடல் பஞ்சுபோல ஓட்டை ஓட்டையான சாம்பல் கட்டி. அதற்குப் பெயரே ஸ்பாஞ்ச். அதை இடித்து எடுத்து, நசுக்கி, வெற்றிடத்தில் மின்வில்லால் உருக்கினால்தான் கம்பி செய்யக்கூடிய கட்டி கிடைக்கும். கேரளத்தின் சவரையில் கே.எம்.எம்.எல். ஆலை 2011-லிருந்து ஐதராபாத் டி.எம்.ஆர்.எல். தொழில்நுட்பத்தில் ஸ்பாஞ்ச் செய்கிறது. ஆண்டுக்கு 500 டன் கொள்ளளவு. செலவை ஏற்றது இஸ்ரோ, ஆகவே பயனும் விண்வெளிக்கு. பைக் போல்ட்டுக்கு அதில் பங்கில்லை.

அந்த இடத்தைச் சீனாவின் பாவோஜி நகரம் பிடித்துக்கொண்டது. ஷான்சி மாகாணத்தில் இருக்கும் அந்த ஊரை அங்கே "டைட்டானியப் பள்ளத்தாக்கு" என்றே சொல்கிறார்கள். நல்ல போல்ட்டும் அங்கிருந்து வரும், சுமாரானதும் வரும். திரெட்டின் பள்ளத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்தால் ஓரளவு பிடிபடும். அழுத்தி உருட்டிச் செய்த திரெட் வழவழவென்று இருக்கும். லேத்தில் வெட்டிய திரெட்டில் டூல் கீறல் வரிவரியாகத் தெரியும். டைட்டானியத்தில் சின்னக் கீறலும் பின்னாளில் விரிசலின் பிள்ளையார் சுழியாகலாம். பிரேக் காலிப்பர் போன்ற இடத்துக்கு வெட்டிய திரெட்டை நான் போடமாட்டேன்.

தண்ணீர்ச் சோதனை முடிந்த மறுநாள் இரண்டு நீலப் போல்ட்டையும் எடுத்துக்கொண்டு பாய் கடைக்குப் போனேன். தராசு, நூல், வகுத்தல் கணக்கு எல்லாவற்றையும் விளக்கினேன். பாய் பொறுமையாகக் கேட்டார். ஸ்பீக்கர் காந்தத்தை எடுத்து இரண்டிலும் வைத்தார். ஒட்டவில்லை. "ஸ்டெயின்லெஸ்லயும் ஒட்டாது, அதனால இது கணக்கில்ல" என்றார். பிறகு இரண்டு போல்ட்டின் நுனியையும் கிரைண்டரில் ஒரு விநாடி காட்டினார். ஒன்றிலிருந்து வழக்கமான மஞ்சள் பொறி. மற்றதிலிருந்து கண்ணைக் கூசும் வெள்ளை, தீபாவளி மத்தாப்புபோலச் சிதறி விழுந்தது. நான் அரை மணி நேரம் தண்ணீரில் தொங்கவிட்டுக் கண்டுபிடித்ததை அவர் டீ ஆறுவதற்குள் முடித்துவிட்டார்.

வெள்ளைப் பொறி பறந்த போல்ட்டின் நுனியைத் துணியில் துடைத்து என்னிடம் கொடுத்தார். கிளட்ச் கவரில் இப்போது கம்பெனி ஸ்டீல் போல்ட்டுகளே இருக்கின்றன. இதை எங்கே மாட்டுவது என்று இன்னும் முடிவாகவில்லை.

"அந்த டூப்ளிகேட் நாலும் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டார்.

"இருக்கு பாய். தூக்கிப் போடணும்."

"ஏன் போடணும்? நல்ல ஸ்டெயின்லெஸ். குடுங்க."

அவருடைய ஸ்கூட்டர் நம்பர் பிளேட்டில் நாலு மூலையிலும் இப்போது மயில்கழுத்து நீலம். துரு பிடிக்கவில்லை, நிறமும் போகவில்லை. சர்வீஸுக்கு வரும் பையன்கள் குனிந்து பார்த்துவிட்டு, "பாய், டைட்டானியமா?" என்று கேட்கிறார்களாம். ஆமாம் என்று சொல்லிவிடுவாராம்.